மண் பிசைந்து மனம் ஆற: சக்கரம் இல்லாமல் கையால் பாண்டம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சக்கரம் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மண்பாண்டம் என்றாலே சுழலும் சக்கரமும் அதன் நடுவில் எழும்பி வரும் பானையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பயிற்சி வகுப்பு விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் வீட்டில் ஒரு சாவு நடந்து இரண்டு மாதம்கூட ஆகாதவருக்கும், படுத்தால் தூக்கம் வராதவருக்கும், வேலைக் களைப்பில் யாரிடமும் பேசப் பிடிக்காதவருக்கும் சக்கரம் நல்ல தொடக்கம் இல்லை. சுழலும் மண்ணை நடுவில் நிலைநிறுத்தப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மண் கையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே நொந்து போயிருப்பவருக்கு அது இன்னொரு தோல்வியாகத்தான் படும்.

கையால் செய்வதில் இந்தத் தொல்லை கிடையாது. முதல் நாளே ஒரு கிண்ணம் வந்துவிடும். கோணலாக இருக்கும், விளிம்பு ஒரு பக்கம் தடித்திருக்கும், ஆனாலும் கிண்ணம்தான். மனம் ஆற மண்ணைத் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பானை முடிந்து கைக்கு வரும்போது பெரிய ஆறுதல் ஏதும் காத்திருக்காது. பிசைவது, கிள்ளுவது, தட்டுவது, ஈரத் துணி போர்த்திக் காத்திருப்பது, கூழாங்கல்லால் தேய்ப்பது என்று நடுவில் வரும் வேலைகள்தான் மனதைப் பிடித்து உட்கார வைக்கின்றன. அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் எப்படிச் செய்வது என்பதோடு, எந்த மாதிரி நாளுக்கு அது பொருந்தும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பெரியவர்களுக்குக் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து, பிடித்ததை எடுத்து 45 நிமிடம் எதையாவது செய்யச் சொன்னார்கள். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் உமிழ்நீரில் கார்டிசால் அளவு பார்க்கப்பட்டது. மன அழுத்தம் இருக்கும்போது உடம்பில் கூடும் ஹார்மோன் அது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவரா இல்லையா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை, களிமண்ணுக்கு மட்டும் உரிய முடிவும் அல்ல. 'மண் தொட்டால் நோய் தீரும்' என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் 'எனக்குக் கை வராது' என்று தயங்குகிறவர்கள், முன்பழக்கம் பெரிய வித்தியாசம் தரவில்லை என்ற அந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் காரணம் இன்னும் எளிது. இரண்டு கையிலும் சேறு. போனை எடுக்கவே முடியாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மண்ணை நம்பி அதை நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டுப் போனாலோ, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினாலோ, முதலில் பேச வேண்டியது மருத்துவரிடம். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம்.

மண் வாங்குவது

கார்த்திகைக்கு அகலும் பொங்கலுக்குப் பானையும் உங்கள் ஊர்ச் சந்தைக்கு எங்கிருந்து வருகின்றன என்று விசாரியுங்கள். பக்கத்தில் எங்கோ ஒரு குயவர் தெரு இருப்பது தெரியவரும். மிதித்துத் தயாராக வைத்திருக்கும் மண்ணில் ஐந்து கிலோ கேளுங்கள். தொடங்க அது தாராளம். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்; அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நியாயமான விலை கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பானைக்கு வைத்திருக்கும் மண்ணை நம் விளையாட்டுக்குத் தருகிறார்கள். எனக்கு மண் தரும் வேளார் (குயவர்), "பிசைஞ்சு முடிச்சதும் திரும்பக் கொண்டாந்து குடுங்க, நான் பானை ஆக்கிக்கிறேன்" என்று சிரிப்பார். அந்த ஏற்பாட்டில் தப்பே இல்லை.

கண்மாயில் நாமே இறங்கி வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். நீர்நிலையில் மண் எடுக்க அனுமதி வேண்டும், அந்தத் தலைவலி எதற்கு? சொந்தத் தோட்டத்தில் அடிமண் களியாக இருந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம். வெயிலில் நன்றாகக் காய வைத்து உடையுங்கள். காய்ந்த மண்தான் தண்ணீரில் சீக்கிரம் கரையும். வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊற விட்டு, கலக்கி, கொசுவலையிலோ பழைய வேட்டியிலோ வடிகட்டுங்கள். கல், வேர், கிளிஞ்சல் எல்லாம் நின்றுவிடும். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் கல்லையும் மட்டும் விடவே கூடாது. சூளையில் சுட்ட பிறகு அது காற்றின் ஈரத்தை வாங்கி உப்பி, பாண்டத்தின் மேல் சில்லைப் பெயர்த்துவிடும். வடிகட்டிய சேறு ஒருநாள் தெளியட்டும். மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, மிச்சத்தைத் துணி மேல் கொட்டி நிழலில் இறுக விடுங்கள்.

பதம் பார்க்க ஒரு வழி: சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி, விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் மண் நல்ல களி. வெடித்து வெடித்து உடைந்தால் மணல் அதிகம். வளைகிறது, ஆனால் காய்ந்ததும் விரிசல் விடுகிறது என்றால் களி அதிகம். சலித்த நுண்மணலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். மணல் மண்ணுக்குள் வழி விடும், ஈரம் சீராக வெளியேறும்.

அடுக்குமாடி வீட்டில் சூளைக்கு எங்கே போவது என்பவர்கள் கடையில் விற்கும், காற்றிலேயே இறுகும் களிமண்ணை வாங்கலாம். சுட வேண்டியதில்லை. ஆனால் கைக்கு அது வேறு பொருள்: குளிர்ச்சி குறைவு, வாசனை இல்லை, தண்ணீர் பட்டால் ஊறும். முடிந்தவரை உண்மையான மண்ணுக்கே முயலுங்கள். சுடாமலே விட்டாலும் பரவாயில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மிஞ்சிய மண்ணை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி மூடி போட்ட வாளியில் வையுங்கள். நாளாக ஆக லேசாக நாறும். பயப்பட வேண்டாம், பழைய மண்தான் நன்றாக வளையும்.

இடமும் சாமானும்

ஒரு மரப்பலகை, அதன் மேல் விரிக்கச் சாக்குத் துணி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஸ்பாஞ்சு, மண் அறுக்க நைலான் நூல், ஒரு முள்கரண்டி, வழவழப்பான கூழாங்கல், காலாவதியான ஏடிஎம் கார்டு. கடைசியில் சொன்னதுதான் மண் வழிக்க மிகச் சிறந்த கருவி. கடையில் அழகழகாக விற்கும் மரக் கருவிப் பெட்டியை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். கையில் வெடிப்பு, சொறி, ஆறாத புண் இருந்தால் கையுறை போடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கையுறையோடு, பூஞ்சை பிடிக்காத புது மண்ணில் செய்வது நல்லது. மண் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். கை கழுவியதும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, காய்ந்த மண் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கெடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். இன்னொன்று, சேற்றுக் கையைத் தொட்டியில் கழுவாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டு பிளம்பருக்குக் காசு அழ வேண்டி வரும். வாளியில் கழுவி, தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அடியில் தங்கும் சேறு மறுபடி மண்தான்.

நேரம்? அரைமணியில் தொடங்குங்கள். முக்கால் மணிக்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்கள் மண்ணை நன்றாக இளக்கி, வெதுவெதுப்பான நீர் தொட்டுச் செய்தால் விரல் அதிகம் நோகாது. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

1. பிசைதல்

ஒரு கிலோ மண்ணை எடுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக, கையில் அப்பாமல் இருக்க வேண்டும். அப்பினால் சாக்கின் மேல் கொஞ்ச நேரம் விரித்து வையுங்கள், துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பலகையை மேசையில் வைத்தால் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும். தரையில் என்றால் முட்டி போட்டு உட்காருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மண்ணை முன்னால் தள்ளி அழுத்துங்கள், விரலால் பின்னுக்கு மடக்குங்கள், கால்வட்டம் திருப்புங்கள், மறுபடி தள்ளுங்கள். தோளால் தள்ளக் கூடாது, உடம்பின் எடையை முன்னால் சாய்க்க வேண்டும். சாயும்போது மூச்சு தானாக வெளியே போகும். யாரும் சொல்லித்தராமலே மூச்சும் அழுத்தமும் ஒன்றாகிவிடும். ஐம்பது முறை தள்ளியதும் நூலால் நடுவே அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் குமிழ்க் குழிகள் தெரிந்தால் இரண்டு பாதியையும் ஒன்றின் மேல் ஒன்று ஓங்கி அறைந்து, மறுபடி பிசையுங்கள்.

காற்றுக் குமிழால்தான் சூளையில் பானை வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். வெடிக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம். சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைக்கிறது. பிசைவதன் முக்கியப் பயன் மண் முழுக்க ஒரே பதமாவதுதான்.

கோபமோ படபடப்போ இருக்கிற நாளில் இந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிசைந்து, அறைந்து, உருட்டி, பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். எதுவும் செய்யவில்லையே என்று நினைக்காதீர்கள். அடுத்த தடவைக்கான மண் தயாராகிவிட்டது.

2. கிண்ணம் கிள்ளுதல்

மொத்தக் கலையிலும் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்வேன் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு, 300 கிராம் போல, ஓர் உருண்டை. கோடு இல்லாமல் வழவழவென்று உருட்டுங்கள். இடது கையில் ஏந்தி, வலது கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சியதும் நிறுத்துங்கள். இப்போது கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. அடியிலிருந்து மெதுவாக ஒரு கிள்ளு, கொஞ்சம் திருப்பல், இன்னொரு கிள்ளு. ஒரு சுற்று முடிந்ததும் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள். அவசரப்பட்டு மேலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் கிண்ணம் தட்டாக விரிந்துவிடும். விளிம்பைக் கடைசிவரை தடிமனாகவே விட்டுவைத்து, இறுதிச் சுற்றில் மட்டும் மெலியுங்கள். சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் சரி.

விளிம்பில் வெடிப்பு வரும். தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் நொந்து சரிந்துவிடும். ஈர விரலால் ஒருமுறை தடவினால் போதும். கிண்ணம் தொய்ந்தால் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள்.

ஓரளவு பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். சுவர் எங்கே தடித்திருக்கிறது என்று கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். கண் திறந்திருக்கும்போது 'அசிங்கமாக இருக்கிறதே' என்று ஒரு குரல் உள்ளே பேசிக்கொண்டே இருக்கும். மூடினால் அதற்குப் பேச விஷயம் இல்லை. தூக்கம் வராத இரவுக்கு இது பொருத்தமான வேலை. சத்தம் இல்லை, பெரிய வெளிச்சம் வேண்டாம், ஒரு கிண்ணத்துக்கு அரைமணி கூட ஆகாது. பிடிக்கவில்லை என்றால் கசக்கி உருட்டிவிடலாம். சுடாத வரைக்கும் இதில் கைமீறிப் போனது என்று எதுவும் இல்லை.

3. திரி சுற்றி உயர்த்துதல், தட்டுதல்

கிண்ணம் கைவந்த பிறகு கொஞ்சம் பெரிய பாண்டம். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாக அடித்தட்டு ஒன்று தட்டுங்கள். விரல் தடிமனுக்குத் திரிகள் உருட்டுங்கள். விரலால் உருட்டினால் மேடு பள்ளமாக வரும்; உள்ளங்கையை விரித்து, நீளவாக்கில் முழுக்க ஓட விட வேண்டும். ஒட்டும் இடத்தில் முள்கரண்டியால் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி, அதன் மேல் திரியைச் சுற்றுங்கள். உள்பக்கம் கட்டைவிரலால் மேல் திரியைக் கீழ்த் திரிமேல் இழுத்துத் தேயுங்கள். கீறாமல், கூழ் வைக்காமல் வெறுமனே அடுக்கினால் காயும்போது பிரிந்துகொள்ளும். ஒரே மூச்சில் மூன்று நான்கு திரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். விளிம்பில் ஈரத் துணி போட்டுவிட்டு, அடிப்பகுதி கொஞ்சம் இறுகியதும் தொடருங்கள். மனம் ஒரு நிலையில் நிற்காமல் அலைகிற நாளுக்கு இது நல்லது. ஒரு திரி முடிந்ததும் அடுத்த திரி என்று வேலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

தட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மூர்ப் பானையின் உருண்ட அடிவயிறு சக்கரத்தில் வருவதே இல்லை. சக்கரத்தில் கழுத்தும் தோளும் தடித்த சுவரும்தான் வனையப்படும். நூலால் அறுத்து எடுக்கும்போது அடி திறந்திருக்கும். சற்று இறுகியதும் உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து, வெளியே மரத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அந்த ஓட்டையை மூடி, சுவரை மெலித்து, வயிற்றை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். பல குயவர் வீடுகளில் இந்தத் தட்டும் வேலை பெண்களுடையது. சமைக்கும் பானை மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பது இந்தத் தட்டலால்தான். ஆக, சக்கரம் இல்லாமல் கைவேலை செய்வதைக் குறைந்த வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. பானையில் பாதி எப்போதுமே கைவேலைதான்.

வீட்டில் செய்ய: திரியால் உயர்த்திய பாண்டம் அரை இறுகலானதும், உள்ளே கூழாங்கல்லை வைத்து, வெளியே தட்டையான மரக்கரண்டியால் மெதுவாகத் தட்டுங்கள். கல்லும் கரண்டியும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சத்தமே சொல்லிவிடும்: சரியாக விழுந்தால் கெட்டியான ஒலி, தப்பினால் 'சொத்' என்று கேட்கும். கரண்டியில் மண் ஒட்டினால் காய்ந்த சாம்பல் கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள். மனம் மந்தமாகி, எழவே பிடிக்காத நாளில் இந்தத் தாளம் உதவுகிறது.

4. காத்திருந்து எழுதுதல்

துணியும் பிளாஸ்டிக் பையும் போர்த்தி ஒருநாள் விட்டால் மண் ஒரு நடுப்பதத்துக்கு வரும். விரலால் அழுத்தினால் குழியாது, நகத்தால் கீறினால் கோடு விழும். செதுக்க, விளிம்பை நேராக்க, எழுத இதுதான் நேரம். இறந்தவரின் பெயரோ சொல்ல முடியாமல் போன ஒரு வரியோ எழுத வேண்டும் என்று தோன்றினால், பல்குச்சியால் கிண்ணத்தின் உள்பக்கம் எழுதுங்கள். வெளியே எழுதினால் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள்.

என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு ஒரு யோசனை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன உருவங்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை வேண்டியவர்கள் வைக்கும் மதலை, கை கால் நோய்க்காக நேர்ந்துகொண்டவர்கள் வைக்கும் மண்கை, மண்கால். அவற்றைச் செய்து தரும் வேளார்களே பல கோயில்களில் பூசாரிகளும். நோவு இருக்கும் இடத்தை மண்ணில் செய்து கையை விட்டு வைத்துவிடுவது நம்மிடம் பழைய வழக்கம். சாமி நம்பிக்கை இல்லாதவரும் தன் வலிக்கு ஓர் உருவம் செய்து பார்க்கலாம். அழகாக வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

5. தேய்த்தல்

நடுப்பதம் தாண்டி, நிறம் லேசாக வெளுக்கத் தொடங்கும்போது கூழாங்கல்லால் தேயுங்கள். வேண்டுமானால் அதற்கு முன் நன்றாகச் சலித்துக் கரைத்த காவியை மேலே பூசி, ஈரம் இழுத்ததும் தொடங்கலாம். சின்ன வட்டங்களாக, ஒரு விரல் அகலம் முடித்து அடுத்த விரல் அகலம். மண் துகள்கள் படிந்து மேற்பரப்பு தானாக மினுங்கத் தொடங்கும். பளபளப்புக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களின் வழவழப்பும் இப்படித் தேய்த்து வந்ததுதான். மண் அதிகம் காய்ந்துவிட்டால் கல் கீறல் போடும், அப்போது நிறுத்திவிடுங்கள்.

என் கணக்கில் இதுதான் மிக அமைதியான கட்டம். முடிவெடுக்க ஒன்றும் இல்லை, கெட்டுப்போக அதிகம் இல்லை. பேச்சு வராத இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை. வீட்டில் துக்கத்தில் இருக்கும் வேறொருவரை இதில் இழுக்க நினைத்தால், "மனசுக்கு நல்லதும்மா, வந்து செய்யுங்க" என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருங்கள். நடுவில், "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா, கை கழுவிட்டு வந்துடுறேன்" என்று கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். மெதுவாகத் திரும்பி வாருங்கள். மறதி நோய் உள்ள பெரியவர்கள் என்றால் மட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மண் வாய்க்குப் போகலாம்.

6. காய வைத்தல், அல்லது கரைத்துவிடுதல்

நிழலில், செய்தித்தாள் போர்த்தி, ஒரு வாரம் முதல் பத்து நாள். தினமும் ஒருமுறை திருப்பி வையுங்கள். மின்விசிறிக்கு நேரே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் முந்திச் சுருங்கி விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். சுட வேண்டுமா?

சுடாமல் கரைப்பதும் ஒரு முடிவுதான், துக்கத்தில் இருப்பவர்கள் சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது. முழுக்கக் காய்ந்த கிண்ணத்தை ஒரு வாளித் தண்ணீரில் இறக்குங்கள். குமிழிவிட்டு, விளிம்பு முதலில் உதிர்ந்து, சிறிது நேரத்தில் வெறும் சேறாகிவிடும். அரைகுறை ஈரத்தோடு போட்டால் இப்படிக் கரையாது, கட்டியாக அப்படியே கிடக்கும். முழுக்கக் காய்ந்திருப்பது முக்கியம். எழுதிய பெயர் தண்ணீருக்குள் போவதைப் பார்க்க எல்லோராலும் முடியாது. உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். கரைத்தவர்கள் அந்தச் சேற்றைத் துணியில் கொட்டி இறுக விட்டு, அடுத்த கிண்ணத்துக்குப் பிசையலாம்.

7. சுடுதல்

சுட்டால் மண் திரும்ப மண்ணாகாது. 450 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் களியின் உள்ளமைப்பில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு தண்ணீரில் கரையாது. நம்மூர் மண்பாண்டம் 700-லிருந்து 900 டிகிரி வரை வேகிறது. சமையலறை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ இது நடக்காது, முயல வேண்டாம்.

எளிய வழி, மண் வாங்கிய குயவரிடமே கேட்பது. சூளை அடுக்கும்போது இடுக்கில் உங்கள் நாலு கிண்ணத்துக்கு இடம் இருக்கும். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் முன்னால் போய் நிற்காதீர்கள். அவர்களுக்குச் சம்பாதிக்கிற நேரமே அதுதான். வேறு இடத்து மண்ணில் செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரமான ஒரு கிண்ணம் வெடித்தால் பக்கத்துப் பானைகளையும் சேர்த்து உடைக்கும். சுட்டதற்குக் கூலி கொடுங்கள்.

சொந்தத் தோட்டமும், புகையைப் பொறுக்கும் அக்கம்பக்கமும் இருந்தால் நீங்களே சுடலாம். முழங்கால் ஆழத்துக்குக் குழி. பாண்டங்களை முதலில் ஒருநாள் வெயிலில், பிறகு சிறு நெருப்பின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சூடேற்றுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் பாதி வெடித்துவிடும். குழிக்குள் வறட்டி ஓர் அடுக்கு, மேலே கவிழ்த்த பாண்டங்கள், சுற்றிலும் வறட்டி, அதற்கு மேல் தடிமனாக வைக்கோல், கடைசியில் உடைந்த ஓடுகள். காற்று வரும் பக்கத்தில் மூட்டுங்கள். பருத்தி உடை, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், குழந்தைகள் தூரத்தில். நெருப்பு அடங்கிய பிறகும் மறுநாள் காலைவரை கிளறக் கூடாது. சூடாக எடுத்தால் குளிர்காற்று பட்டு 'டிங்' என்று பிளக்கும். புகை அடைத்த இடத்தில் கருமை, காற்று பட்ட இடத்தில் சிவப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும்.

ஒன்றிரண்டு உடைந்துதான் வரும். அனுபவசாலிகளின் சூளையிலும் அது உண்டு. ஓடுகளை அடுத்த சூளைக்கு மூடாக்காக எடுத்து வையுங்கள், அல்லது பொடித்துச் சலித்து மணலுக்குப் பதில் மண்ணில் கலந்துகொள்ளுங்கள்.

சுட்டதை என்ன செய்யலாம்?

இந்தச் சூட்டில் வெந்த பாண்டம் நீரைக் கசியவிடும். செடி, விபூதி, சில்லறைக் காசு, அகல் ஆகியவற்றுக்குச் சரி. சமைக்கவும் குடிக்கவும் அனுபவமுள்ள குயவர் செய்ததையே வாங்குங்கள். பெயின்ட் அடித்த எதிலும் சாப்பாடு வைக்க வேண்டாம். கிள்ளிய கிண்ணத்தை விளக்காக ஏற்ற நினைத்தால், முதல் முறை ஓர் இரவு தண்ணீரில் ஊற விட்டு, வெயிலில் காய வைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் திரி எரியும் முன்பே பாதி எண்ணெயை மண் குடித்துவிடும். அடியில் ஒரு தட்டும் வையுங்கள், எப்படியும் கொஞ்சம் கசியும்.